கென்ட்ரிக் லமார் ஆல்பங்கள்: மேலிருந்து கீழ் எந்த வரிசை? காரணத்தோடு சொல்லுங்க

மெட்டுக்கிளி:

அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக்கோட ஸ்டுடியோ ஆல்பம் ஆறையும் வரிசைப்படுத்தப் பார்க்கிறேன். இப்போதைக்கு இப்படி நிக்குது:

1. டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை (2015)
2. குட் கிட், மேட் சிட்டி (2012)
3. ஜிஎன்எக்ஸ் (2024)
4. டேம் (2017)
5. செக்‌ஷன்.80 (2011)
6. மிஸ்டர் மொராலே அண்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ் (2022)

மூணு இடத்துல உதைக்குது. ஒண்ணு, ஜிஎன்எக்ஸ் மூணாவதுல நிக்கிறது அதோட தகுதியிலயா, புதுசுங்கிறதாலயா? ரெண்டு, முதல் ரெண்டு இடத்தை எதை வச்சுப் பிரிக்கிறது? வரி வரியாப் பார்த்தா ஒண்ணு ஜெயிக்குது, முழுசாக் கேட்டா இன்னொண்ணு ஜெயிக்குது. மூணு, மிஸ்டர் மொராலேவைக் கடைசியில தள்ளினது அது மோசம்னா, இல்ல திரும்பக் கேட்கக் கஷ்டம்னா?

அன்டைட்டில்ட் அன்மாஸ்டர்ட், பிளாக் பாந்தர் ரெண்டையும் சேர்க்கணுமான்னும் சொல்லுங்க. "ரசனை ஆளுக்கு ஆள்"னு மட்டும் முடிச்சிடாதீங்க, அது எனக்கும் தெரியும்.


நாலாம்கட்டை:

எதைச் சேர்க்கிறதுங்கிறதை முதல்ல முடிச்சிடலாம். அன்டைட்டில்ட் அன்மாஸ்டர்ட் (மார்ச் 2016) எட்டு டிராக், 34 நிமிஷம். ஒவ்வொண்ணுக்கும் பெயருக்குப் பதிலா ஒரு தேதி. பெரும்பாலும் பட்டர்ஃப்ளை வேலை நடந்த காலத்து மிச்சம். ஆல்பமா வரிசையில வைக்காம பட்டர்ஃப்ளையோட பின்னிணைப்பாக் கேட்கிறதுதான் நியாயம். பிளாக் பாந்தர் (2018) அந்தப் படத்துக்காக அவர் பொறுப்பெடுத்துத் தொகுத்தது. பெயர் போடாத டிராக்ல கூட அவர் குரல் எட்டிப் பார்க்கும். ஆனாலும் அது கூட்டு ஆல்பம், வெளிய வச்சிடுங்க. 2010-ல வந்த ஓவர்லி டெடிகேட்டட் மிக்ஸ்டேப், அதுவும் வெளியதான்.

அடுத்தது கேட்கிற விதம். பாதிப் பேரோட வரிசை கெட்டுப்போறது இங்கதான்.

ஷஃபிளை அணைங்க, அது சொல்லாமலே தெரியும். பலபேர் மறக்கிறது கிராஸ்ஃபேடு, ஒரு பாட்டு தேயத் தேய அடுத்தது மேல ஏறுற அமைப்பு. அதைப் பூஜ்யத்துல வைங்க. டேம் ஆல்பத்துல முதல் டிராக் 'பிளட்' ஒரு துப்பாக்கிச் சத்தமும் அதைத் தொடர்ந்து டிவி செய்தித் துணுக்குமா முடியும்; அது ஓஞ்ச கையோட 'டிஎன்ஏ' பாயணும். நாலு விநாடி கிராஸ்ஃபேடு இருந்தா ரெண்டும் குழம்பி அந்த வெட்டே போயிடும்.

பதிப்பையும் பாருங்க. குட் கிட்டோட சாதாரணப் பதிப்பு 12 டிராக், 'காம்ப்டன்' பாட்டோட முடியணும். டீலக்ஸ்ல அதுக்கப்புறம் 'த ரெசிபி' மாதிரி கூடுதல் பாட்டுங்க வரும். தனியாக் கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஆல்பத்தோட முடிவைக் கெடுத்துடும். மிஸ்டர் மொராலேவுக்கும் அதே கதி: ஆல்பம் ஒன்பது ஒன்பதா ரெண்டு பகுதி, 18 டிராக், 'மிரர்' கடைசி. டிஜிட்டல்ல 'த ஹார்ட் பார்ட் 5' வால்ல ஒட்டியிருந்தா 'மிரர்' முடிஞ்சதும் நிறுத்திடுங்க. 'ஐ' பாட்டு 2014-ல சிங்கிளா வந்தது ஒரு வடிவம், பட்டர்ஃப்ளைல இருக்கிறது வேற வடிவம். ஆல்பத்துல அது மேடையில பாடுற மாதிரி போய், கூட்டத்துல சண்டை வந்து, பாட்டை நிறுத்திட்டு அவர் பேச ஆரம்பிப்பார். சிங்கிளை மட்டும் கேட்டுட்டு "இவ்வளவு சந்தோஷமான பாட்டு இந்த ஆல்பத்துல எதுக்கு"ன்னு மார்க் குறைக்கிறவங்க நிறைய. கெட்ட வார்த்தையை நீக்கின கிளீன் வெர்ஷன் வேண்டவே வேண்டாம். சொல்லை வெட்டினா தாளத்துல ஓட்டை விழுது.

ஆறையும் முழுசாக் கேட்க ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். ஒரே நாள்ல ஓட்டாதீங்க, கடைசியில வர்றதுக்கு அநியாயம் நடக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணு, வெளியான வரிசையில. அடுத்த வாரம் தலைகீழ் வரிசையில இன்னொரு சுற்று. ரெண்டு சுற்றுலயும் இடம் மாறாத ஆல்பத்துக்குத்தான் உறுதியான இடம்.

என் வரிசை: பட்டர்ஃப்ளை, குட் கிட், டேம், மிஸ்டர் மொராலே, ஜிஎன்எக்ஸ், செக்‌ஷன்.80.

பட்டர்ஃப்ளை ஏன் முதல்? 16 டிராக், 79 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதுல பீட் ஏற்கெனவே தயாரா இருந்து அது மேல ராப் பண்ணின மாதிரி இல்ல. தண்டர்கேட்டோட பேஸ், கமாசி வாஷிங்டன், டெரஸ் மார்ட்டின் ஊதுற சாக்ஸபோன், ராபர்ட் கிளாஸ்பரோட கீபோர்டு, எல்லாம் குரலோட வாக்குவாதம் பண்ணும். 'ஃபார் ஃப்ரீ?' கேளுங்க, ரெண்டு நிமிஷம்தான். ஜாஸ் குழு ஓடுற வேகத்துக்கு அவர் ஓடுறாரா, அவருக்கு அவங்க ஓடுறாங்களான்னே பிடிபடாது.

கட்டமைப்பு அதைவிடப் பெரிசு. 'கிங் குன்டா' முடிவுல ஒரு கவிதையோட முதல் வரி வரும். அதுக்கப்புறம் சில பாட்டு முடியறப்ப அதே கவிதை கொஞ்சம் நீண்டு நீண்டு வரும். கடைசி டிராக் 'மார்ட்டல் மேன்'ல முழுசாச் சொல்லி முடிக்கிறப்பத்தான், இத்தனை நேரம் யார்கிட்ட வாசிச்சுக்கிட்டு இருந்தார்னு தெரியும்: செத்துப்போன ராப்பர் டுபாக்கிட்ட. 1994-ல ஸ்வீடன் வானொலிக்கு டுபாக் கொடுத்த பேட்டியை வெட்டி, ரெண்டு பேரும் நேர்ல பேசுற மாதிரி ஒட்டியிருக்காங்க. கடைசிக் கேள்விக்குப் பதில் வராது. நடுவுல 'யூ'வும் 'ஆல்ரைட்'டும் அடுத்தடுத்து நிக்கிறதையும் பாருங்க. ஆறாவது டிராக்ல ஒருத்தன் ஹோட்டல் அறையில தன்னையே திட்டி அழுது உடையறான். ஏழாவதுல ஃபரெல் வில்லியம்ஸோட ஹூக் (திரும்பத் திரும்ப வர்ற பல்லவி) தூக்கி நிறுத்துது. 'ஆல்ரைட்' தனியாக் கேட்டா கொண்டாட்டம், 'யூ'வுக்கு அப்புறம் கேட்டா மூச்சு.

குறையும் உண்டு. 'கம்ப்ளெக்‌ஷன்', 'யூ எய்ன்ட் காட்டா லை' வர்ற இடத்துல ஆல்பம் கொஞ்சம் தளரும். 'மார்ட்டல் மேன்' 12 நிமிஷம், அதுல பாதிக்கு மேல பேச்சு. மூணாவது தடவை அந்தப் பகுதியைத் தாண்டத்தான் கை போகும்.


பின்சீட்டு:

வழி எல்லாம் சரி, முதல் இடம் தப்பு. குட் கிட் தான் ஒண்ணு.

நாலாம்கட்டை கட்டமைப்பைப் பேசிட்டு குட் கிட்டை ரெண்டாவதுல வச்சது ஆச்சரியம். பட்டர்ஃப்ளைல கட்டமைப்பை அந்தக் கவிதை வெளியில இருந்து பிடிச்சு நிறுத்துது. கவிதையை எடுத்துட்டா பாட்டுங்க இடம் மாறினாலும் பெரிசாத் தெரியாது. குட் கிட்ல கட்டமைப்பு கதைக்குள்ளயே இருக்கு. அட்டையிலயே "கென்ட்ரிக் லமாரின் குறும்படம்"னு போட்டிருக்கு, சும்மா போடல.

முதல் டிராக்ல பையன் அம்மாவோட வேனை எடுத்துக்கிட்டு ஷெரேன் வீட்டுக்குப் போறான்; வாசல்ல கறுப்பு ஹூடி போட்ட ரெண்டு பேர். அங்க வெட்டு. நடுவுல 'பேக்சீட் ஃப்ரீஸ்டைல்', 'ஆர்ட் ஆஃப் பியர் பிரஷர்' எல்லாம் அன்னைக்குப் பகல்ல நடந்தது. 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' முடிவுல திரும்பவும் அந்த ஹூடி ஆளுங்க, அடி விழுது. அதனாலதான் அடுத்த ரெண்டு பாட்டு 'குட் கிட்', 'மேட் சிட்டி'. 'ஸ்விம்மிங் பூல்ஸ்' முடிவுல பழிவாங்கப் போய் நண்பன் டேவ் சாகிறான். 'பேக்சீட் ஃப்ரீஸ்டைல்'ல வெத்து வீராப்பா இருக்கேன்னு சிலர் குறை சொல்வாங்க. வீராப்பாத்தான் இருக்கணும், பதினாறு பதினேழு வயசுப் பையன் காரோட பின்சீட்ல பீலா விடுறான், அவ்வளவுதான். 'காம்ப்டன்' முடியறப்ப "வேனை எடுத்துக்கிறேன், 15 நிமிஷத்துல வந்துடுறேன்"னு அம்மாகிட்ட சொல்றது மறுபடி ஆல்பத்தோட தொடக்கம். டீலக்ஸ் ஒட்டு அந்த வளையத்தைத்தான் அறுக்குது.

'சிங் அபவுட் மீ, ஐம் டையிங் ஆஃப் தர்ஸ்ட்' 12 நிமிஷத்துக்கு மேல. முதல் வெர்ஸ் (ராப் பண்ற சரணம்) டேவோட சகோதரன் பேசுறது. "உன் ஆல்பம் வர்றதுக்குள்ள நான் செத்துட்டா"ன்னு ஆரம்பிச்ச வரி முடியறதுக்குள்ள குண்டு வெடிக்கும், வரி அப்படியே நிக்கும். ரெண்டாவது வெர்ஸ் செக்‌ஷன்.80-ல 'கீஷாஸ் சாங்'ல வந்த கீஷாவோட தங்கச்சி: "என் அக்கா கதையை நீ யார் பாட"ன்னு சண்டைக்கு வர்றா. நான் மங்கிப் போக மாட்டேன்னு அவ சொல்லச் சொல்ல, ஒலிப்பொறியாளர் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுட்டே வருவார். அவ பேசிக்கிட்டுத்தான் இருக்கா, நமக்குக் கேட்காது. சொல்ல வந்ததை வால்யூமே சொல்லிடுது. கடைசியில பையன்களை நிறுத்திப் பிரார்த்தனை சொல்லித்தர்ற பாட்டிக்குக் குரல் கொடுத்தவர் மாயா ஏஞ்சலோ.

'ரியல்' ஹூக் கொஞ்சம் இழுவை, ஒத்துக்கிறேன். 'காம்ப்டன்'ல மூத்த ராப்பர் டாக்டர் ட்ரே வந்ததும் சின்னப் பையன் கதை வெற்றி விழாவா மாறிடுது, அதையும் ஒத்துக்கிறேன். இந்த ரெண்டும் போனாலும் பத்து பாட்டு நிக்குது. பட்டர்ஃப்ளைல தாண்டாம பத்து தேறுதான்னு எண்ணிப் பாருங்க.

விருதை இழுக்கிறவங்களுக்கு ஒண்ணு: 2014 கிராமியில சிறந்த ராப் ஆல்பம் இதுக்குக் கிடைக்கல. பட்டர்ஃப்ளை, டேம், மிஸ்டர் மொராலே மூணுக்கும் கிடைச்சுது. அதை வச்சு வரிசை போட்டா இது மூணுக்கும் கீழ போயிடும். அப்படி ஒரு வரிசையை யாரும் நம்ப மாட்டாங்க.


ஒத்தைமைக்:

டேம் பத்தி யாருமே எழுதல. அதை எந்தத் திசையில கேட்டீங்கன்னு சொல்லாம இடம் கொடுக்க முடியாது.

14 டிராக், 55 நிமிஷம். ஏப்ரல் 2017-ல வந்தது, அதே வருஷம் டிசம்பர்ல கலெக்டர்ஸ் எடிஷன்னு தலைகீழ் வரிசையில திரும்ப வந்தது. ஒரு பாட்டுகூட மாறல, வரிசை மட்டும். நேர்வரிசையில முதல்லயே குண்டு, கடைசியில 'டக்வொர்த்' பாட்டுல உயிர் தப்பின கதை. அதை முடிச்சதும் டேப் பின்னால ஓடுற சத்தம் வந்து ஆல்பம் முதல் வரியில நிக்கும். தலைகீழா ஓட்டினா உயிர் தப்பினதுல தொடங்கி குண்டுல முடியும். 'ப்ரைட்' பாட்டுக்கு முன்னால 'ஹம்பிள்' வர்றதும் பின்னால வர்றதும் ஒரே அர்த்தம் தராது.

எதை எடுத்துக்கணும்? வரிசைப்படுத்த நேர்வரிசை. 'டக்வொர்த்' கடைசியில இருந்தாத்தான் எடை. நைன்த் வொண்டர் கொடுத்த மூணு பீட் ஒரே பாட்டுல மாறும், நாலு நிமிஷம் சொச்சத்துல. கதையும் அந்த மாற்றத்தோட திரும்பும்: கேஎஃப்சில வேலை பார்த்த கென்ட்ரிக்கோட அப்பா, அங்க கொள்ளையடிக்கப் பார்த்த ஒருத்தருக்கு இலவசமாக் கோழியும் கூட ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்துக் கொடுத்துத் தப்பிச்சார். அந்த ஆள்தான் பின்னால டாப் டாக் நிறுவனத்தை ஆரம்பிச்சு கென்ட்ரிக்கை வளர்த்தவர். இதை முதல் டிராக்ல சொன்னா வெறும் தகவல். 13 டிராக் பயத்துக்கும் சாபத்துக்கும் அப்புறம் சொன்னா கணக்கு தீர்க்கிற மாதிரி விழும்.

'ஃபியர்' மட்டும் தனியா எடுத்துக் கேளுங்க. ஏழு நிமிஷம் சொச்சம், ஆல்கெமிஸ்ட்டோட மெதுவான பீட், மூணு வயசு. ஏழு வயசுல அம்மாகிட்ட பயம், பதினேழுல எப்படி எல்லாம் சாகலாம்னு பயம், இருபத்தேழுல கிடைச்சதெல்லாம் போயிடுமோன்னு பயம். எழுத்துன்னு பார்த்தா அவரோட முதல் மூணு பாட்டுக்குள்ள இது வரும்.

ஆனாலும் எனக்கு டேம் மூணாவதுதான், அதுக்கு மேல இல்ல. 'லாயல்ட்டி', 'லவ்', 'காட்' மூணும் வர்றப்ப ஆல்பம் ரேடியோவுக்குப் போயிட்டுத் திரும்புது. 2018-ல இசைக்கான புலிட்சர் கிடைச்சுது. செவ்வியல், ஜாஸ் ரெண்டுக்கும் வெளிய அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை. அதனால இதைத் தூக்கி ஒண்ணாவதுல வைக்கிறவங்க, அந்தப் பரிசு பட்டர்ஃப்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டியதுன்னு மனசுக்குள்ள நினைக்கிறவங்கதான்.


பேஸ்மென்ட்_டேப்:

ஜிஎன்எக்ஸ் கேள்விக்கு மட்டும் பதில்.

12 டிராக், 44 நிமிஷம், ஆறுலயே சின்னது. நவம்பர் 22, 2024-ல அறிவிப்பே இல்லாம வந்தது. அந்த வருஷம் முழுக்க ஓடின அவரோட 'நாட் லைக் அஸ்' சிங்கிள் இதுல கிடையாது. மனசுல அதையும் சேர்த்து மார்க் போடுறவங்க பலர். உங்க மூணாவது இடத்துல அதோட பங்கு எவ்வளவுன்னு பாருங்க. சோதனை சுலபம்: 'ஸ்குவாபிள் அப்', 'டிவி ஆஃப்' ரெண்டையும் விட்டுட்டு மிச்சப் பத்தைக் கேளுங்க. அப்பவும் மூணாவதுன்னு தோணினா வைங்க.

அந்தப் பத்துல 'ரீஇன்கார்னேட்டட்' மலை மாதிரி. டுபாக்கோட பழைய பாட்டு ஒண்ணோட மெட்டு மேலயே ஏறி, முதல் வெர்ஸ்ல கிதார் கலைஞன், ரெண்டாவதுல பாடகி, மூணாவதுல தானே, எதிர்ல தந்தை. கேட்கக் கேட்க அது எந்தத் தந்தைன்னு மாறும். 'ஹார்ட் பார்ட் 6' டாப் டாக் நாட்களைப் பத்தினது, பழைய ஆளுங்க பெயரைச் சொல்லி, பிரிஞ்சதுக்குத் தன் பங்கையும் ஏத்துக்கிறார். 'லூத்தர்' இனிமை. ஆனா 'ஹே நவ்', 'பீகபூ', 'ஜிஎன்எக்ஸ்' மூணும் லாஸ் ஏஞ்சல்ஸ் பசங்களுக்கு மைக் கொடுக்கிற பாட்டு. நோக்கம் நல்லது, ஹூக்கும் நிக்கும், வரி நிக்காது. கார்ல அலறவிட இதைவிட நல்ல கென்ட்ரிக் ஆல்பம் இல்ல. ஆல்பத்தோட பெயரே ஒரு ப்யூக் காரோடது.

நாலு அல்லது அஞ்சு. அதுக்கு மேல போனா பழசு ரெண்டும் கோவிச்சுக்கும்.


மெட்டுக்கிளி:

பேஸ்மென்ட்_டேப் சொன்ன சோதனை போட்டேன், ஜிஎன்எக்ஸ் ஒரு படி இறங்கிடுச்சு. டேம் மூணு. இப்ப சண்டை நாலு, அஞ்சு, ஆறுலதான். மிஸ்டர் மொராலேவுக்கு யாராவது வக்கீல் இருக்கீங்களா? செக்‌ஷன்.80 கடைசிங்கிறதும் மனசுக்கு ஒப்பல.


ரெண்டாம்_பகுதி:

வக்கீல் வந்தாச்சு.

மிஸ்டர் மொராலேவைக் கீழ தள்ளுறவங்க பெரும்பாலும் முதல் ஒன்பதை மட்டும் ரெண்டு தடவை கேட்டவங்க. முதல் பகுதி தப்பிச்சு ஓடுற மனுஷன்: காசு, பெண்கள், வீம்பு, 'என்95'. காலால தட்டி ஆடுற டேப் நடனச் சத்தம் அங்கங்க வரும், நேரா நிக்காம சுத்திச் சுத்தி ஆடுறதுக்கு அதுதான் ஒலி. ரெண்டாம் பகுதி 'கவுன்ட் மீ அவுட்'ல ஆரம்பிச்சு உட்கார்ந்து பேசுது. அது முழுக்கப் போய்ச் சேர்ற இடம் 'மதர் ஐ சோபர்': கிட்டத்தட்ட ஏழு நிமிஷம், பியானோ, போர்ட்டிஸ்ஹெட் குழுவோட பெத் கிப்பன்ஸ் குரல், குரலை உயர்த்தாத ராப். குடும்பத்துல தலைமுறை தலைமுறையா வந்த பாலியல் வன்முறை, அதைப் பத்திக் கேட்ட கேள்வி, நம்பாத பதில். கடைசியில ஒவ்வொருத்தரையும் விடுவிக்கிறேன்னு சொல்றப்ப முதல் பகுதியோட அலட்டலுக்கெல்லாம் காரணம் புரியும். முதல் பகுதியை அதுக்கப்புறம் கேட்டா வேற ஆல்பம்.

குறை இல்லாம இல்ல. 'வி க்ரை டுகெதர்' ஒரு ஜோடியோட சண்டை, டெய்லர் பெய்ஜோட நடிப்பு அபாரம், ஆனா அஞ்சரை நிமிஷத்துக்கு மேல கத்தல். ஒரு தடவை கேட்டு மலைச்சுட்டு அடுத்த தடவை தாண்டிடுவோம். 'ஆன்ட்டி டயரீஸ்' குடும்பத்துல இருக்கிற திருநர்களைப் பத்தி நல்ல மனசோட எழுதினது. இழிசொல்லைச் சொல்லிக் காட்டித்தான் திருந்தணுமாங்கிற கேள்வி நியாயமானது. பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளான ராப்பர் கோடாக் பிளாக்கைக் கொண்டு வந்தது ஆல்பத்தோட வாதத்துக்கே முரண், ஒருவேளை முரண்தான் வாதமோ என்னவோ. மெட்டுக்கிளி கேட்டதுக்கு நேர் பதில்: மோசம் இல்ல, திரும்பக் கேட்கக் கஷ்டம். இந்த ரெண்டையும் ஒரே நிரையில கூட்டக் கூடாது. எழுத்துக்கு ஒரு மார்க், ஒலிக்கு ஒண்ணு, திரும்பக் கேட்கிறதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியாப் போடுங்க. எழுத்துல இது மூணாவதுக்கு வரும், திரும்பக் கேட்கிறதுல ஆறு. நாலாவது இடம் அப்படி வர்றது.

செக்‌ஷன்.80-க்கு என்னால வாதாட முடியாது. 'ஏ.டி.எச்.டி', 'ரிகமார்ட்டஸ்', 'கீஷாஸ் சாங்', ஜே கோல் பீட் போட்ட 'ஹைபவர்': இந்த நாலும் எந்த வரிசையிலயும் நிக்கும். ரீகன் அமெரிக்க அதிபரா இருந்த காலத்துல பிறந்த பிள்ளைங்களோட கதைங்கிற சரடும் இருக்கு. ஆனா 16 டிராக்ல அந்தச் சரடு பாதியில கைவிட்டுப் போகுது. 'நோ மேக்கப்' போதனை. மிக்ஸும் ஒரே சீரா இல்ல, சில பாட்டுல குரல் பீட்டுக்குள்ள புதையுது. ஏழெட்டு டிராக் வெட்டியிருந்தா ஜிஎன்எக்ஸை முந்தியிருக்கும்.


பின்சீட்டு:

ஏழெட்டு வெட்டினா அது ஆல்பமே இல்ல, ஈபி, அதாவது சில பாட்டுங்க மட்டும் இருக்கிற சின்னத் தொகுப்பு. அப்படி வெட்டுற உரிமை இருந்தா பட்டர்ஃப்ளைல 'மார்ட்டல் மேன்' பேச்சையும் வெட்டிக்கலாமே.


நாலாம்கட்டை:

அந்தப் பேச்சை வெட்டினா கவிதை யார்கிட்ட வாசிச்சதுன்னே தெரியாது, பின்சீட்டு. பத்து தேறுதான்னு கேட்டீங்க, எண்ணிட்டேன்: 'வெஸ்லிஸ் தியரி', 'கிங் குன்டா', 'இன்ஸ்டிட்யூஷனலைஸ்ட்', 'தீஸ் வால்ஸ்', 'யூ', 'ஆல்ரைட்', 'மாமா', 'ஹுட் பாலிடிக்ஸ்', 'ஹவ் மச் எ டாலர் காஸ்ட்', 'பிளாக்கர் த பெர்ரி', 'ஐ'. பதினொண்ணு.


பின்சீட்டு:

'இன்ஸ்டிட்யூஷனலைஸ்ட்'டை யாரும் தாண்டாமக் கேட்டதில்ல. பத்து.